அமுக்கித் திருகுற மூடி

தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்த பாட்டிலைக் கொஞ்சம் பைக்குள்ள வச்சுக்கங்க. கூல்டிரிங்ஸ் பாட்டில்ல தண்ணி பிடிச்சு வச்சிருக்கீங்கல்ல, அதைக் கண்டா என் பிள்ளைக்கு ஆகாது. இந்தா பாருங்க, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. ஆங், அப்படித்தான். ரொம்ப நன்றி தம்பி.

இவதான் என் மக. தர்ஷிகா. நாலாவது படிக்கிறா. பேச மாட்டா. ஊமையெல்லாம் கிடையாது, காதும் நல்லாக் கேக்கும், நாம பேசுறது அத்தனையும் அவளுக்குப் புரியும். குரல் போயிருச்சு, அவ்வளவுதான். கழுத்துல துணி கட்டியிருக்காள்ல, அதுக்கு உள்ள ஒரு ஓட்டை, அது வழியாத்தான் மூச்சு. மாசத்துக்கு ஒரு தடவை இங்க கூட்டிட்டு வரணும். சாப்பாட்டுக் குழாய் சுருங்கிக்கிட்டே போகுதாம், மயக்க மருந்து குடுத்து உள்ள ஒண்ணை விட்டு அகலப்படுத்துவாங்க. கஞ்சியும் பாலும் இறங்கும். கொஞ்ச நாள்ல மறுபடி சுருங்கிரும்.

உங்க பிள்ளைக்கு என்ன? காய்ச்சலா? சம்சாரம் உள்ள இருக்காங்களா? சரி சரி. காய்ச்சல்தான, இங்க பாத்துருவாங்க. கைராசியான ஆஸ்பத்திரி. அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

உங்க போன்ல வீடியோ பிடிக்கலாம்ல? சத்தமும் சேந்து பதியுமா? பதியுமா, நல்லது. என்கிட்ட இருக்குறது பட்டன் போன். ஒரு உதவி செய்யணும் தம்பி. அந்தா மேல டிவி ஓடுதுல்ல, அதுல இந்த ஆஸ்பத்திரிக்காரங்க எடுத்த படமாப் போடுவாங்க. இப்ப பொம்மைப் படத்துல காக்கா கை கழுவுது பாருங்க. அதுக்கு அடுத்து பச்சைப் பிள்ளை மூக்குல எண்ணெய் ஊத்தாதீங்கன்னு ஒரு படம். அதுக்கு அடுத்து ஹெல்மெட். அதுக்கு அடுத்தது எங்க படம். அதுல என் மக குரல் வரும். அது வரும்போது மட்டும் போனைத் தூக்கிப் பிடிச்சு எடுத்துக் குடுத்துருங்க. நாளையிலருந்து அது கிடையாதாம். பள்ளிக்கூடம் லீவு விடப் போறாங்கல்ல, கிணத்துல குட்டையில பிள்ளைங்க முங்கிராம இருக்க வேற படம் வருதாம், ரோஸி சிஸ்டர் சொல்லுச்சு. இன்னைக்கு விட்டா விட்டதுதான்.

ஆஸ்பத்திரியிலயே கேக்கலாமேன்னு நினைக்கிறீங்க. கேட்டேன். கவுன்டர்ல கேட்டா, அது எங்ககிட்ட இல்ல, படம் எடுத்த ஆளுங்ககிட்ட இருக்கும்ங்கிறாங்க. அவங்க எங்க இருக்காங்கன்னா, வேதவதி டாக்டரைக் கேளுங்கங்கிறாங்க. அந்தம்மாகிட்ட நான் கேக்க மாட்டேன். கேக்கவும் முடியாது, டெல்லிக்குப் போயிருக்காம். இந்த பாட்டில் விஷயமாப் பேசத்தான் போயிருக்காம். சட்டம் போடணும்னு.

எதுக்குக் கேக்க மாட்டேன்னா, அது ஒரு கதை. அந்தம்மாதான தம்பி எல்லாத்துக்கும் காரணம்.

நீங்களே சொல்லுங்க, ஆஸ்பத்திரின்னா என்ன வேலை? சீக்கு வந்தா வைத்தியம் பாக்கணும். பாத்துட்டு அனுப்பணும். இவங்க அப்படி இல்ல. தெருத்தெருவா வர்றாங்க. பள்ளிக்கூடத்துக்குப் போயி வாசல்ல ஐஸ் விக்கிறவன்கிட்ட, இதுல என்ன சாயம் கலக்குறன்னு கேக்குறாங்க. கலெக்டர்கிட்ட போயி நிக்கிறாங்க. பிள்ளைங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே தடுக்கணுமாம். வேதவதி டாக்டர் இதையே சொல்லிக்கிட்டு இருக்கும். குள்ளமா, கேன்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு, ஓட்டமா நடக்கும். வியாபாரம் நடக்குற இடத்துல ஆஸ்பத்திரி வந்து நின்னா, கடைக்காரன் பொழப்பு என்னாகுறது?

நான் யாருன்னு சொல்லலையே. மாயக்கண்ணன். சோப்பாயில் மாயக்கண்ணன்னு கேட்டா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். அப்பல்லாம் தெரியும். மொபெட்ல பின்னாடி பெட்டி கட்டி, பினாயில், ஆசிட், சோப்பாயில் மூணும் தெருத்தெருவா விப்பேன். மத்தது ரெண்டும் வாங்கி விக்கிறது. சோப்பாயில் மட்டும் என் கைப்பக்குவம். வீட்டுக்குப் பின்னாடி காஸ்டிக் சோடாவைக் கரைச்சு ஆற வச்சு, எண்ணெய் சேத்துக் கிண்டுவேன். என் சோப்பாயில்ல பாத்திரம் வெளக்குனா மூஞ்சி தெரியும். விளம்பரத்துக்குச் சொல்லல, நெசமாவே தெரியும்.

மைக்ல கத்துறது முன்னாடி நான்தான். என் குரல் உங்களுக்கே தெரியுது, தகரத்தை இழுத்த மாதிரி. ஒரு நாள் செல்போன் கடையில வச்சு இவளைப் பேச விட்டு ஒரு கார்டுல பதிஞ்சேன். அப்ப ஒண்ணாவது படிக்கிறா. என்ன சொல்லணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். பினாயிலே, ஆசிட்டே, சோப்பாயிலே, வாங்கக்கா வாங்கன்னு. இவ அதைச் சொல்லிட்டு, கடைசியில தானாவே ஒண்ணு சேத்துக்கிட்டா. "எங்கப்பா வந்துட்டாரு!" அப்படின்னு. சொல்லிட்டு ஒரு சிரிப்பு. செல்போன் கடைக்காரர், அழிச்சுட்டு மறுபடி எடுப்போமான்னாரு. வேணாம்ணே, அப்படியே இருக்கட்டும்னேன்.

அதுக்கு அப்புறம் பாக்கணுமே வியாபாரத்தை! தெருவுக்குள்ள வண்டி நுழையிறதுக்கு முன்னாடி அவ குரல் நுழைஞ்சிரும். பொம்பளைங்க கதவைத் திறந்துக்கிட்டு, "ஏண்ணே, உங்க மக எங்க, இன்னைக்கும் கூட்டிட்டு வரலையா?"ன்னு கேப்பாங்க. வாங்க வேண்டியது இல்லாட்டிகூட ஒரு பாட்டில் வாங்குவாங்க.

பாட்டில்தான் இங்க பேச்சே. எல்லாரும் எதுல விப்பாங்க? பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்லதான். பழைய இரும்புக் கடையில சல்லிசாக் கிடைக்கும், கழுவி ஊத்த வேண்டியது. எங்கப்பா காலத்துலருந்து அப்படித்தான். அதுக்குத்தான் இந்த ஆஸ்பத்திரி ஒரு கூட்டம் போட்டுச்சு. எங்களை மாதிரி விக்கிறவங்க எல்லாரையும் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, கறிச் சாப்பாடு போட்டாங்க. நல்ல சாப்பாடு, பொய் சொல்லக் கூடாது. வேதவதி டாக்டர் மைக்கைப் பிடிச்சு, குடிக்கிற பாட்டில்ல குடிக்காததை ஊத்தாதீங்கன்னு அழுகாத குறையாப் பேசுச்சு. எங்க பக்கத்துல ஒருத்தர் தூங்கிட்டாரு. நான் தூங்கல. கேட்டேன். கடைசியில ஆளுக்கு ஒரு கேன் குடுத்தாங்க. காஸ்டிக், ஆசிட் எல்லாம் இதுல வைங்க, பிள்ளைங்களால திறக்க முடியாதுன்னாங்க.

கேன்னா கேன் தம்பி, அப்படி ஒரு கேன்! கெட்டி பிளாஸ்டிக். வெள்ளை வெளேர்னு. மூடி சும்மா திருகுனா சுத்திக்கிட்டே இருக்கும், திறக்காது. கீழ்முகமா அமுக்கிக்கிட்டே திருகணும். எனக்கே ரெண்டு கையும் வேணும்.

அவ்வளவு நல்ல கேன்ல போயி யாராவது காஸ்டிக்கை ஊத்துவாங்களா? எங்க வீட்டுல குடிதண்ணிக்கு ஒரு நல்ல பாத்திரம் கிடையாது. பிளாஸ்டிக் குடம் கீறி ஒழுகிக்கிட்டு இருக்கு. என் சம்சாரம் பரமேஸ்வரி, வேணாம், குடுத்தது எதுக்கோ அதுக்கே வச்சுக்கங்கன்னு சொன்னா. அவ எதுக்கும் வேணாம்னுதான் சொல்லுவா. நான்தான் நல்லா வெந்நி ஊத்திக் கழுவி, அதுல குடிதண்ணி பிடிச்சு வச்சேன். பூச்சி விழாது, தூசி விழாது. இப்பவும் அதுலதான் தண்ணி.

காஸ்டிக்கை எப்பவும் போல பாட்டில்ல வச்சேன்.

என்னம்மா? ஏன் சட்டையைப் பிடிச்சு இழுக்குற? பசிக்குதாம் தம்பி. மயக்க மருந்து குடுக்கணும்னு காலையிலருந்து பட்டினி. இல்லையா? தலையை ஆட்டுறா. அப்ப ஒண்ணுக்கு வருதா? அதுவும் இல்லையா? பின்ன என்ன? சிலேட்டு குடுத்துருக்காங்க, எழுதுவா. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள அவளுக்குக் கோவம் வந்து அழிச்சிருவா. சரி, சும்மா இரு தங்கம். அப்பா பேசிக்கிட்டு இருக்கேன்ல.

எங்க விட்டேன்? ஆங், கேன். அன்னைக்குச் சரியான வெயில். இவ அடுத்த வீட்டுப் பிள்ளைங்களோட விளையாடிட்டு வந்திருக்கா. பரமேஸ்வரி மில்லுக்குப் போயிட்டா. நான் வாசல்ல வண்டியில சரக்கு ஏத்திக்கிட்டு இருக்கேன். ஸ்பீக்கர் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. வயரைச் சரி பண்ணி, சத்தத்தைக் கூட்டி வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். பிள்ளைக்குத் தாகம். அடுப்படிக்குப் போயி கேனைத் திறந்து பாத்திருக்கா. சுத்துது, சுத்துது, திறக்க மாட்டேங்குது. அப்பா, மூடி திறக்க வரல, மூடி திறக்க வரலன்னு கூப்பிட்டாளாம். அடுத்த வீட்டுக்காரம்மாவுக்கு அது கேட்டிருக்கு. அதான் அப்பன் இருக்கானேன்னு அந்தம்மா பேசாம இருந்திருக்கு. எனக்குக் கேக்கல தம்பி. வாசல்ல ஸ்பீக்கர்ல இவ குரல்தான ஓடிக்கிட்டு இருக்கு. எங்கப்பா வந்துட்டாரு, எங்கப்பா வந்துட்டாருன்னு.

பின்னாடி துணி துவைக்கிற கல்லு மேல பாட்டில் இருந்துச்சு. காஸ்டிக் கரைச்சு ஆறுனா பாக்க அப்படியே தண்ணிதான். மணமும் கிடையாது. எடுத்துக் குடிச்சுட்டா.

ஒரு வாய்தான். ஒரு வாய் தம்பி.

அதுக்கு மேல சொல்லல. உங்களுக்கும் சின்னப் பிள்ளை இருக்கு. இங்க தூக்கிட்டு வந்தோம். மூச்சுக்குழாய் வீங்கிருச்சுன்னு கழுத்துல ஓட்டை போட்டாங்க. அன்னைக்குப் போன குரல்தான். தொண்டைக்குள்ள வெந்து தழும்பாயிருச்சாம்.

இப்ப நீங்க நியாயத்தைச் சொல்லுங்க. அந்த மூடி சாதாரண மூடியா இருந்தா, பிள்ளை திறந்து தண்ணியைக் குடிச்சிருக்கும். பாட்டில் பக்கமே போயிருக்காது. பிள்ளைங்களுக்குத் திறக்க முடியாத மூடியைக் கண்டுபிடிச்சது யாரு? எங்க வீட்டுக்குக் குடுத்து விட்டது யாரு? பிள்ளைங்களைக் காப்பாத்துறேன்னு கிளம்பி என் பிள்ளையைத்தான இப்படி ஆக்கிட்டாங்க?

நான் சும்மா விடல. வார்டுலயே வச்சு வேதவதி டாக்டரைப் பிடிபிடின்னு பிடிச்சேன். இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்னேன். அந்தம்மா பிள்ளை கழுத்துக் கட்டைச் சரி பண்ணிட்டுப் போச்சு. அதுக்கு அப்புறம் பிள்ளையைப் பாக்குறேன்னு எங்க வீட்டுக்கு வந்துச்சு. அந்தக் கேன் எங்கன்னு கேட்டுச்சு. காமிச்சேன். அடுப்படியில தண்ணியோட இருந்துச்சு. மேல டம்ளர் கவுத்தி வச்சிருந்தோம். அதைப் பாத்துட்டு அப்படியே தரையில உக்காந்துருச்சு தம்பி. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. தப்பு தன் மேலதான்னு அந்தம்மாவுக்கே அப்பதான் உறைச்சிருக்கு. பரமேஸ்வரி அந்தம்மாவைப் பாக்கல. என்னையவே பாத்துக்கிட்டு நின்னா.

இப்ப குடுக்குற கேன் எல்லாம் வேற. சிவப்புக் கலரு, மண்டையோடு படம் போட்டது. வெறும் கேனாக் குடுக்குறதும் இல்ல, உள்ள கொஞ்சம் பினாயிலை ஊத்தியே குடுக்குறாங்களாம். யாரும் தண்ணி பிடிக்க மாட்டாங்கல்ல. என் பிள்ளையைப் பாத்துத்தான் அந்தப் புத்தி வந்துச்சு. அதை எங்கயாவது ஒருத்தர் சொல்லுறாங்களா?

அன்னைக்கே வெளிய நின்ன வண்டியில அந்தம்மா இவ குரலைக் கேட்டுச்சு. ஸ்பீக்கரைப் போட்டுக் காமிக்கச் சொன்னது இவதான், சாடை காட்டிச் சொன்னா. கேட்டுட்டு, இந்தக் குரலைக் குடுங்க மாயக்கண்ணன், வேற பிள்ளைங்களுக்கு உதவும்னுச்சு. நான் முடியாதுன்னேன். இவ எழுந்து போயி, ஸ்பீக்கர்லருந்து கார்டைக் கழட்டி அந்தம்மா கையில குடுத்துட்டா. போன்ல ஏத்திக்கிட்டுத் திருப்பிக் குடுத்துட்டுப் போச்சு. சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்.

அதுக்கு அப்புறம் கலெக்டர் ஆர்டர் வந்துச்சு. கூல்டிரிங்ஸ் பாட்டில்ல இதெல்லாம் விக்கக் கூடாதுன்னு. எனக்கும் அந்தத் தெருவுக்குள்ள எல்லாம் போக முடியல தம்பி. உங்க மக எங்கண்ணேன்னு கேக்குறாங்க, என்ன பதில் சொல்ல? வண்டியை ஸ்பீக்கரோட ஒரு வெங்காய வியாபாரிக்குக் குடுத்துட்டேன். கார்டு உள்ளயே இருந்தது நினைப்பு இல்ல. ஓடிப் போயிக் கேட்டா, அழிச்சுட்டு வெங்காயத்தை ஏத்திட்டேண்ணேங்கிறான். அவன் மேல தப்பு இல்ல. அவனுக்குத் தெரியுமா?

இப்ப ஒரு கல்யாண மண்டபத்துல வாட்ச்மேன். நாள் முழுக்க மேளச் சத்தம், பாட்டுச் சத்தம். வீட்டுக்குப் போனா ஒரு சத்தம் கிடையாது. வீட்டுல ரெண்டு பேரும் பேசுறது இல்ல. ஒருத்திக்கு முடியாது, ஒருத்திக்கு வேணாம். சோறு வைப்பா, தண்ணி வைப்பா, பேச மாட்டா. நான் பேசிக்கிட்டே இருப்பேன். நானும் பேசலைன்னா அந்த வீட்டுல என்ன தம்பி இருக்கு? செத்துரலாம் போல இருக்கும்.

அதனால இங்க வருவேன். டாக்டர் பாக்குற நாள் இல்லாட்டியும் வருவேன். இந்த பெஞ்சுல உக்காந்து அந்தப் படம் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பேன். முதல்ல இவ குரல் வரும். அப்புறம் வேதவதி டாக்டர் வந்து, இந்தக் குரல் இப்போது இல்லைன்னு சொல்லும். அது மட்டும் எனக்கு ஆகாது. அதென்ன பேச்சு, இல்லைன்னு? பிள்ளை இந்தா உசுரோட உக்காந்துருக்கு. போன மாசம் என் மச்சினன் போன்ல எடுக்கச் சொன்னேன். சரியா விழல. இந்த ஹால்ல எப்பவும் ஒரே இரைச்சல்.

அந்தா ஹெல்மெட் வந்துருச்சு! அடுத்தது எங்களது. போனை எடுங்க தம்பி. கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. அமுக்கிட்டீங்களா? சிவப்புப் புள்ளி எரியுதா? எரியணும். ஏம்மா, ஏங்க, கொஞ்சம் பேசாம இருங்களேன், எல்லாரும் ஒரு நிமிசம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

வந்துருச்சு. வந்துருச்சு தம்பி. கேக்குதா? பினாயிலேன்னு இழுக்குறா பாருங்க, அது நான் சொல்லிக் குடுத்தது இல்ல, அவளாவே இழுக்குறது. பல்லு விழுந்த வயசு, அதான் சோப்பாயில் சொல்லும்போது காத்து வருது. கேக்குதா? இப்ப சொல்லுவா, இப்ப வரும் பாருங்க, எங்க... ஏய், என்னம்மா? ஏன் என் வாயைப் பொத்துற? கையை எடு. பசிக்குதா? என்ன செய்யுது? மூச்சு முட்டுதா? தம்பி, சிஸ்டரைக் கூப்பிடுங்க, பிள்ளைக்கு என்னமோ செய்யுது. ஒண்ணும் இல்லையா? ஒண்ணும் இல்லைன்னு தலையாட்டுறா. பின்ன எதுக்குடி தங்கம் பொத்துன? பயந்தே போயிட்டேன்.

முடிஞ்சுருச்சா? எடுத்துட்டீங்கல்ல? சிஸ்டரைக் கூப்பிடச் சொன்னப்பவும் போனைக் கீழ இறக்கலையே, நல்ல பிள்ளை நீங்க. போட்டுக் காமிங்க. சத்தமா வைங்க. என் காதுகிட்ட வைங்க.

இது யாரு பேசுறது?

இது என் குரலாச்சே. கேக்குதா கேக்குதான்னு நான்தான கத்துறேன். கொஞ்சம் தள்ளி விடுங்க. இன்னும் கொஞ்சம். எங்கப்பா வந்துட்டாருன்னு வருமே, அந்த இடம் எங்க? இதுவா? இதுல நான் பசிக்குதான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். அவ குரல் அடியில எங்கயோ கிடக்கு. மறுபடி போடுங்க. வேணாம். நிப்பாட்டுங்க தம்பி.

இதுக்குத்தான் வாயைப் பொத்துனியாம்மா?

தலையாட்டுறா. அழுகாத. ஐயோ, அழுகக் கூடாது தங்கம், அழுதா மூச்சு வாங்கும். இல்லம்மா. அப்பா பேச மாட்டேன். இன்னொரு சுத்து வரும், பாரு, காக்கா வந்துருச்சு. காக்கா, எண்ணெய், ஹெல்மெட், அப்புறம் நீதான். தம்பி இருப்பாரு. இருப்பீங்கல்ல தம்பி?

என்னது, உங்களைத்தான் கூப்பிடுறாங்களா? நிலவன்ங்கிறது உங்க பிள்ளை பேரா? நல்ல பேரு. போங்க, போங்க. பிள்ளைதான் முக்கியம். எனக்காக நிக்காதீங்க. அந்த பாட்டிலை மறந்துட்டுப் போயிராதீங்க, பைக்குள்ளயே இருக்கட்டும்.

போன் போயிருச்சு. போகட்டும்மா. எண்ணெய்ப் படம் ஓடுது. உன்னை உள்ள கூப்பிடுறதுக்குள்ள வந்துரும். இந்தத் தடவை அப்பா சும்மா கேக்குறேன். கேக்க மட்டும்தான் செய்வேன். எனக்கு வாயை அடக்க வராது, உனக்குத்தான் தெரியுமே. இந்தா, கையைக் குடு. வை. நல்லா அமுக்கி வச்சுக்க.

நான் என்ன சொன்னாலும் எடுத்துராத.